குளிப்பாட்டத் தண்ணீர்

வாளிக்குள் கையை விட்டு அள்ளி மூக்கருகே கொண்டுபோன ஹாஜரா மாமி முகத்தைச் சுளித்தாள். தம்பலகாமத்துப் பக்கம் இறந்துபோன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"இது எந்தத் தண்ணி புள்ள?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான் மாமி," என்றாள் நிப்லா. இந்த வீட்டில் வேறு எந்தத் தண்ணீர் இருக்கிறது!

உள்ளறையில் அவள் தங்கை ஸல்ஹா வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். முப்பது வயது தாண்டவில்லை, இரத்தப் புற்றுநோய்.

சில வருடங்களுக்கு முன் வயலுக்கு அப்பால் ஒரு கம்பனி வந்தது. இரசாயனம் கலந்த தண்ணீரை நிலத்துக்கடியில் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுத்தது. அதற்குப் பிறகுதான் கிணறு மண்ணெண்ணெய் மணக்கத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நிப்லா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் தங்கைக்கு வைத்தியம் பார்த்த டொக்டரிடமே கேட்டாள்.

"இந்தத் தண்ணியாலதான் வந்தது எண்டு சொல்ல ஆய்வு ஒண்டும் இல்லை."

"இதால வரேல்ல எண்டு சொல்ல ஆய்வு இருக்கா டொக்டர்?"

"அதுவும் இல்லை."

"அப்ப செய்யுங்களன்!"

அவர் மணியடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்தப் போத்தலை அவர் மேசையிலேயே போட்டு உடைக்காமல் வந்தோமே என்று நிப்லாவுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மாமி ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள். "நிறம், மணம், ருசி மூண்டும் மாறிப்போய்ட்டு. மையித்துக் குளிப்பாட்ட இது ஆகாது. கிண்ணியாவுல இருந்து நல்ல தண்ணி எடுத்திட்டு வாங்க."

ஸல்ஹாவின் கணவன் றுவைஸ் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை எடுத்துக்கொண்டு போய், கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தான். நிப்லா வார்க்க, மாமி குளிப்பாட்டினாள். முடி கொட்டிய தலையில் தெளிந்த தண்ணீர் வழிந்தது. உயிரோடிருந்தபோது இதில் ஒரு மிடறாவது இவளுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா!

மையித்தை அடக்கிவிட்டு வந்த றுவைஸ் நேரே குசினிக்குள் போய்க் குடத்திலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் மொண்டான். நிப்லா பாய்ந்து பறித்தாள்.

"மையித்துக்கே ஆகாத தண்ணி. குடிக்காதீங்க!"

"அப்ப எதைக் குடிக்கிறது மதினி?"

அவள் முற்றத்தைப் பார்த்தாள். கேன்கள் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தன. றுவைஸ் உலர்ந்த உதட்டோடு நின்றான். கோப்பை அவள் கையிலேயே இருந்தது.