தம்பியின் காலர் அளவு

...கோளாறு கட்டியில் மட்டும் இருந்தால் கட்டியோடு போயிற்று, ரத்தத்திலும் இருந்தால் பிறக்கும்போதே கூட வந்தது, இப்படித்தானே சொன்னார் அந்த மரபணு ஆலோசகர் அம்மா, இல்லை நான்தான் மாற்றிப் புரிந்துகொண்டேனா? எனக்கு ரத்தத்திலும் இருக்கிறதாம். ரெட் என்று ஒரு மரபணு, அதில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போச்சாம், தைராய்டில் புற்று வந்தது அதனால்தானாம், கூடப்பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பரிசோதித்துச் சீக்கிரமே பிடித்துவிட்டால் பிழைப்பது சுலபம். மண்டையை மண்டையை ஆட்டினேன். புரியாத இடத்தில் கூடுதலாக ஆட்டுவது என் வழக்கம். தையற்காரன் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: வெட்டுகிற அச்சிலேயே கோணல். அப்படியானால் எல்லாச் சட்டையும் கோணலாகத்தானே வரணும், பாதி மட்டும் எப்படி? கூடப்பிறந்தவன் என்று எனக்கு இருப்பதே ஒரு தம்பி, ஒரே ஆளில் பாதியை எங்கே போய்த் தேட, இடது பக்கமா வலது பக்கமா?

பதினொரு மணிக்குச் சட்டை போட்டுப் பார்க்க வருகிறான். அவன் பக்கத்தை அளவு நோட்டில் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன்... கழுத்து மூன்று வருஷத்துக்கு முன் பதினைந்து, அதற்கடுத்த வருஷம் பதினைந்தரை, போன வருஷம் பதினாறு. மார்பு அப்படியே, இடுப்பு அப்படியே. மனுஷன் பெருத்தால் முதலில் வயிறுதானே முந்திக்கொண்டு வரும், முப்பது வருஷமாக டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்கு அதுகூடத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான், "பொண்டாட்டி சமையல் கழுத்து வரைக்கும் ஏறிடுச்சாடா?" என்று கிண்டலடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் காலரைத் தாராளமாக வெட்டினேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய கழுத்துக்கு வசதி செய்து கொடுத்த அண்ணன்! இல்லை, வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம், அவனுக்கு அது குறைச்சலா என்ன... ஐயோ, கொழுப்பாகவே இருக்கட்டும்.

வந்துவிட்டான். "என்னண்ணே, ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, குரல் இன்னும் தவளை மாதிரியே இருக்கு?" டேப்பை அவன் கழுத்தில் சுற்றினேன், சிரித்தான், சிரிக்கும்போது டேப் ஏறி இறங்கியது. பதினாறே கால். "எனக்கு வந்தது பரம்பரைக் கோளாறாம்டா. உனக்கும் ரத்தத்தைச் சோதிச்சுப் பாக்கணுமாம். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், என்கூட வா." "எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." நானும் அப்படித்தான்டா இருந்தேன் என்றேன். டேப்பின் தொங்கும் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான், "சரி, வர்றேன். தனியாப் போக உனக்குப் பயம், அதை நேராச் சொல்லேன்ணே, என்னத்துக்கு இவ்வளவு கதை?" இல்லைடா, உனக்காகத்தான் என்று வாயெடுத்தேன்... அது மட்டும்தானா? பாதிக்குப் பாதி என்று அந்த அம்மா சொன்ன நிமிஷம் எனக்குள் முதலில் எழுந்தது பயமா? இல்லையே, அப்பாடா, நான் மட்டும் இல்லை என்பது மாதிரி ஏதோ ஒன்று. சீ. இவன் கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, அது சத்தியம், ஆனால் நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் இவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் நெஞ்சு லேசாகிறதே, அதுவும் சத்தியம்தானே, இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எப்படிப்பட்ட அண்ணன்...

"டேப்பை எடுண்ணே," என்றான், "மூச்சு முட்டுது."