சிமெண்டு சாக்குச் சாளைகள்

1977 ஜனவரியில், குவைத்தின் ஃபஹாஹீலில் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு ஜப்பான்காரி வலது கையை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். பெயர் சுமியே நிஷிதா. கணவர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். காகிதம் ஒட்டக் கோதுமைப் பசை காய்ச்சும்போது பாத்திரம் கவிழ்ந்திருந்தது. வெந்நீர் என்றால் வழிந்து போயிருக்கும். பசை ஒட்டிக்கொண்டே வேக வைத்துவிட்டது.

கட்டுப் போட்ட நர்ஸ் எலிசா. குளச்சல்காரி, முப்பத்து நான்கு வயது. கணவனும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவள் குவைத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

"விரலை எப்போ மடக்கலாம்?" என்று சுமியே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மூணு மாசமாவது ஆகும்."

சுமியே அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காகிதம் மடித்து உருவங்கள் செய்வதுதான் அவள் தொழில். அடுத்த மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, குவைத் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அவளுடைய கண்காட்சி.

மறுநாள் கட்டு மாற்ற வந்தபோது போட்டோக்கள் கொண்டுவந்தாள். காகிதம் மடிப்பது என்றால் எலிசாவுக்குத் தெரிந்தது கப்பலும் ராக்கெட்டும்தான். போட்டோவில் இருந்தவை வேறு. சிமெண்டு சாக்கின் பழுப்புக் காகிதம் அலையாக எழும்பியிருந்தது. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளும் துருப்பிடித்த கம்பியும் சேர்ந்து மழையாக இறங்கின. கடைசிப் போட்டோவில், சுவரை அடைத்துத் தொங்கிய பழைய மீன்வலையில் காகித மீன்கள்.

"முந்நூறு மீன் வேணும். நூத்தி எண்பது முடிச்சேன். மிச்சத்துக்குக் கை இல்லை. கண்காட்சியை ரத்து பண்ணச் சொல்லி லெட்டர் எழுதிட்டேன். நாளைக்குப் போஸ்ட் பண்ணணும்."

எலிசா பஞ்சைக் கீழே வைத்தாள். "போஸ்ட் பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது.

ரூமில் உடன் தங்கியிருந்த நர்ஸ் ஜெபகனி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ பிள்ளே, ஆறு நாள் டூட்டி பாத்து நடு ஒடியுது. லீவு நாள்ல படுத்து ஒறங்கப்பிடாதா?"

"அவளுக்கு இங்க யாருட்டீ இருக்கா?" என்றாள் எலிசா.

சுமியே வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை கொடுமையாகப் போயிற்று. ஒரு மீனுக்கு இருபத்திரண்டு மடிப்பு. சுமியே இடது கையால் காற்றில் மடித்துக் காட்டினாள். வெளியே தள்ளும் மடிப்பு மலை, உள்ளே போகும் மடிப்பு பள்ளம். "மலை... பள்ளம்... இல்லை, பள்ளம்!" எலிசாவின் மூன்றாவது மீன் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பொறுக்க முடியாமல் சுமியே காகிதத்தைப் பிடுங்கிக் கட்டுப்போட்ட கையாலேயே மடிக்கப் பார்த்தாள். கட்டுத்துணியில் சிவப்பு ஊறியது.

எலிசா எழுந்துவிட்டாள். "கையைக் கெடுத்துக்கிறதுன்னா நான் வர மாட்டேன். இது நான் கட்டின கட்டு."

சுமியே தலை குனிந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயால் மட்டும் சொன்னாள், எலிசா மடித்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்பது மீன் தேறியது.

அடுத்த வாரம் இருபது. விரல்கள் வழியைப் பிடித்துக்கொண்டன. பேசிக்கொண்டே மடிக்க முடிந்தது.

"இது என்ன மீன்?" என்று எலிசா கேட்டாள்.

"சும்மா, மீன்."

"எங்க ஊர்ல சும்மா மீன்னு ஒண்ணு கிடையாது. நெத்திலி உண்டு, வாளை உண்டு, அயிலை உண்டு. இது சாளை. வயித்தைப் பாருங்க."

சுமியே அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். 'ளை' அவள் நாக்கில் நிற்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். வலையில் மீனைக் கட்டும் முடிச்சை எலிசாதான் போட்டாள். வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் காகிதம் தீர்ந்தது. காயத்துத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்த கட்டிட ஃபோர்மேன் கௌஸ் முகம்மதுவிடம் எலிசா கேட்டாள். "பாய், நனையாத சிமெண்டு சாக்கு கிடைக்குமா?"

"எதுக்கு சிஸ்டர்? ஊருக்கு சாமான் கட்டவா?"

"மீன் செய்ய."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் மறுநாள் நாற்பது சாக்கை உதறிக் கட்டி சுமியே வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். முணுமுணுத்துக்கொண்டே இருந்த ஜெபகனியும் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்து சாக்கின் உள்தாளைச் சதுரம் சதுரமாக வெட்டினாள். டூட்டி முடிந்த ராத்திரிகளிலும் எலிசா மடித்தாள். முந்நூறாவது மீன் கண்காட்சிக்கு முந்தின நாள் வலையில் ஏறியது.

வெள்ளிக்கிழமை எலிசாவுக்கு டூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள். முடித்து, வெள்ளை யூனிஃபார்மோடு, கௌஸ் முகம்மதுவின் பிக்கப்பில் ஜெபகனியோடு போய்ச் சேர்ந்தபோது ஹால் நிரம்பியிருந்தது. கோட்டு போட்டவர்கள், திஷ்டாஷா என்ற நீள அங்கி போட்ட அரபிகள், கிமோனோ கட்டிய பெண்கள். எலிசா பின்னாலேயே நின்றுகொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் முந்நூறு மீனும் ஒரே திசையில் திரும்பியிருந்தன. தான் மடித்தவை எவை என்று தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடடே, நம்ம சைட்டு சாக்கு!" என்று கௌஸ் முகம்மது உரக்கவே சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபகனி எலிசாவின் முழங்கையை இடித்தாள். "மேல பாத்தது போதும். கீழ பாரு."

வலைக்குக் கீழே ஓர் அட்டை. மேலே ஜப்பான் எழுத்து, நடுவில் ஆங்கிலம், அடியில் தமிழ். 'சாளை. சுமியே நிஷிதா, எலிசா.' தமிழ் எழுத்துக்கள் சாய்ந்தும் நெளிந்தும் கிடந்தன. ஜெபகனி ஒரு துண்டுத்தாளில் ரகசியமாக எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, சுமியே இடது கையால் நாலைந்து அட்டைகள் வீணாக்கி எழுதியிருந்தாள்.

சுமியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எலிசாவின் முன்னால் நின்று இடுப்பு வரை வளைந்து வணங்கினாள், அத்தனை பேரும் பார்க்க. எலிசாவும் குனிந்தாள். நிமிர்ந்தபோது இரண்டு பேர் கண்ணும் நனைந்திருந்தது.

"நீங்க இல்லைன்னா இந்தச் சுவர் காலியா இருந்திருக்கும்" என்றாள் சுமியே.

"எனக்கு இப்படி ஒரு மாசம் இதுவரைக்கும் வந்ததில்லை. நான்தான் நன்றி சொல்லணும்" என்றாள் எலிசா.

மே மாதம் சுமியே தானே மடிக்கத் தொடங்கினாள். மோதிரவிரல் மட்டும் கடைசி வரை முழுசாக நிமிரவில்லை. 1979இல் சுமியேயும் கணவரும் ஜப்பானின் கோபே நகரத்துக்குத் திரும்பினார்கள். அங்கிருந்து ஒவ்வொரு புதுக் கண்காட்சிக்கும் ஓர் அழைப்பு வந்தது, புதிய வேலைகளின் போட்டோக்களோடு. போய்வர முடியாது என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் அழைப்பு வரும் நாளில், எலிசா டூட்டி ரூம் சுவரில் அதை ஒட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு படமாக விளக்கிச் சொல்லுவாள்.