மோனிக்கா கிளினிக்குக்குப் போன கதை

1

இந்தக் கதை ஒரு ஞானஸ்நான விருந்தில் பிறந்தது. நான் போனது பிரியாணிக்காக. அங்கே பெர்னார்ட் பெரியப்பா, சபையின் நலன் கருதி, மைக் இல்லாமலே கேட்டார்:

“மோனிக்கா, ஒனக்கு எப்பம்மா? வயசு ஏறுதுலா!”

“ஏறட்டும் பெரியப்பா. ஒங்க சுகர் எவ்வளவு ஏறியிருக்கு?”

மோனிக்காவுக்கு நாற்பது வயது. பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் கணினிச் சிப் தொழிற்சாலையில் மேலாளர். கல்யாணம் ஆகவில்லை. ஆகவே, கதாநாயகி.

2

முதல் தொடக்கம்: ‘மோனிக்கா ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தாள். எங்கோ ஒரு குழந்தை அழ—’

[நிறுத்துகிறேன். கெலுகோரில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாட்டின் ஏர்கான் பெட்டிகள்தான் தெரியும். அவற்றைப் பார்த்து யாரும் ஏங்குவதில்லை.]

இரண்டாவது: ‘எல்லாம் இருந்தும் அவளிடம் ஏதோ ஒன்று—’

[இதை எழுதாத ஆண் எழுத்தாளர் இல்லை. நானும் எழுதிவிட்டேன். அடித்தும்விட்டேன்.]

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பல் வலி என்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு* கருமுட்டையை உறைய வைக்கும் கிளினிக் ஒன்றுக்குப் போனாள். தாதி நூர்ஜான் விவரம் சொன்னாள்.

“மொதல்ல ரத்தப் பரிசோதனை பாத்துட்டு, முட்டைய எடுத்து பிரீஸ் பண்ணிரலாம்க்கா. ஆனா பின்னால புள்ள உண்டாக்கணும்னா கல்யாண சர்ட்டிபிகேட் வேணும்.”

“அப்ப புருஷன எந்தப் பெட்டியில பிரீஸ் பண்ணி வெச்சிருக்கீங்க?”

இருவரும் சிரித்தார்கள். மோனிக்காதான் முதலில் நிறுத்தினாள். [இங்கே அவளை அழ வைத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.]

“சிஸ்டர், எனக்கு நெசமாவே ஆசையா, இல்ல எல்லாரும் கேட்டுக் கேட்டு வந்த ஆசையான்னு தெரியல.”

நூர்ஜான் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு மூணு புள்ளைங்கக்கா. எனக்கும் இன்னும் தெரியல.”

மோனிக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினாள்.

* பல் வலிக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை.

4

முடிவு அ: கர்னி கடற்கரையில் குழந்தையோடு மோனிக்கா. முடிவு ஆ: ஜப்பானில் தனியாக, பனியில், பூரிப்போடு மோனிக்கா. இரண்டும் வங்கி விளம்பரம் போலிருக்கின்றன.

மூன்றாவதை வாசகரே எழுதட்டும் என்று விட்டுவிடுவது கௌரவமான வழக்கம். மன்னிக்கவும். அவள் வாழ்க்கைக்கு முடிவு எழுத ஏற்கெனவே பெரிய வரிசை நிற்கிறது. அதில் உங்களையும் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும். அதை அவளே பிரித்துப் படிக்கட்டும். நீங்களும் நானும் கொஞ்சம் தள்ளி உட்காருவோம்.