படியில்லாத வீடு

ஊட்டியில் வாடகைக்கு வீடு பார்க்க வந்த இசக்கியம்மா, தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"படி இல்லாத ஊடாப் பாரு, செல்லதுரை."

செல்லதுரை சிரித்துவிட்டான். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன் அவன். ஊட்டியில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது.

"அக்கா, இது மலை. இங்க டீ குடிக்கறதுக்கே படியேறித்தான் போகோணும். படி இல்லாத ஊட்டுக்கு நான் எங்க போவேன்?"

"தேடு. நானும் கூட வர்றேன்."

இசக்கியம்மாவும் அவள் கணவன் மாரிச்சாமியும் மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். அவள் கொழுந்து பறித்தாள். அவன் கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றினான். ஒரு மழைக்காலத்தில் வளைவில் லாரி சறுக்கிச் சரிந்ததில் மாரிச்சாமியின் வலது கால் நசுங்கியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்த லயன் வீடு, ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. களிமண்ணில் வெட்டிய படிகளில் ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். ஊன்றுகட்டைகளோடு ஏற முயன்று ஒருமுறை உருண்டு விழுந்தான். நாலு பேர் சேர்ந்து மூட்டையைப் போல அவனைத் தூக்கிவந்து வீட்டில் போட்டார்கள். அதற்குப் பிறகு மாரிச்சாமி வெளியே போகவில்லை. மேலே வளைவில் பஸ் ஹாரன் அடித்தால், "இன்னிக்கு லேட்டு" என்பான். அவ்வளவுதான் வெளியுலகத்தோடு அவனுக்கு இருந்த உறவு.

ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டதும் இசக்கியம்மா போய்ப் பார்த்துப் பேசி வேலையை வாங்கிவிட்டாள். சம்பளம் எஸ்டேட்டைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவள் மனசில் இருந்தது சம்பளம் மட்டுமல்ல. வேலையை விட்டால் லயன் வீட்டையும் விட வேண்டும். அந்தப் பள்ளத்தைவிட்டு வெளியேற அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

செல்லதுரை முதலில் காட்டியது விடுதிக்குப் பின்னால் மேட்டில் இருந்த வீடு. நல்ல வெயில், சுத்தமான காற்று, அடுப்பங்கரையில் குழாய். மணி அடித்த பிறகு கிளம்பினால்கூட வேலைக்குப் போய்விடலாம். வீட்டைப் பார்த்த இசக்கியம்மாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. திரும்பி, ஏறி வந்த வழியைப் பார்த்தாள். கல்படிகள் வளைந்து வளைந்து கீழே போயின.

"வேண்டாம்."

அடுத்து காந்தலில் ஒன்று பார்த்தார்கள். அங்கே ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். வேண்டாம் என்றாள். கேத்தியில் ஒரு காரட் தோட்டக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. சமதரை. படி ஒன்றுகூட இல்லை. செல்லதுரைக்கு நிம்மதியாகிவிட்டது. ஆனால் இசக்கியம்மா வேலியோரம் கிடந்த இரண்டு கம்புகளை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலது காலை மடக்கி, கம்புகளை ஊன்றி, ஒற்றைக் காலில் ரோட்டை நோக்கித் தத்தித் தத்திப் போனாள். தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, படுக மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாதி வழியில் கம்பு ஈரமண்ணில் ஒரு சாண் இறங்கிவிட்டது. பிடுங்கப் பிடுங்க வரவில்லை.

"இதுவும் ஆகாது" என்றாள், மூச்சிரைக்க.

செல்லதுரைக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா என்ன தினமும் ஊர் சுத்தவா போறாரு? ஊட்டுக்குள்ளதான இருக்கப்போறாரு? அதுக்கு எந்த ஊடா இருந்தா என்ன?"

"அப்படி இருக்கக்கூடாதுன்னுதான்டா இந்தப் பாடு."

செல்லதுரை போய் ஜீப்பைக் கிளப்பினான்.

ஆனால் லயனுக்குத் திரும்பி வந்து பார்த்தால், மாரிச்சாமியே செல்லதுரையின் கட்சியில்தான் இருந்தான். "ஏம்புள்ள, அந்த மேட்டு ஊட்டையே எடுத்துக்க. உனக்கு நடையாவது மிச்சம். நான் எங்க போகப்போறேன்?"

"ஏனுங்க, உங்களுக்கு வெளிய வரோணும்னே தோணலையா?"

"இங்கன்னா எல்லாருக்கும் என்னத் தெரியும். அங்க போனா, புது சனமெல்லாம் என்ற காலையே பாக்கும்."

"பாக்கட்டும். ரெண்டு நாள் பாப்பாங்க. அப்புறம் அவங்கவங்க பொழப்பப் பாப்பாங்க."

மாரிச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பஸ்ஸுக்கு அவள் மேலே ரோட்டில் நின்றாள்.

கடைசியில் அவள் கண்ணில் பட்டது மார்க்கெட்டுக்குப் பின்புறத்து இடம். லாரிகள் வந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் இறக்கும் தெரு. கிழங்கு மண்டி வைத்திருந்த எட்மண்டுக்கு அங்கே ரோட்டை ஒட்டி ஓர் அறை சும்மா கிடந்தது. வாசலில் ஒரு சின்னக் கல். அதைத் தாண்டினால் சிமெண்டு ரோடு, மட்டமாக, டீக்கடை வரைக்கும்.

எட்மண்டுக்கு வயசு அறுபதுக்கு மேல். அவள் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஊடு இல்ல, கிழங்கு போடற ரூம். வெயில் எட்டிப் பாக்காது. விடியறதுக்கு முன்னால லாரிச் சத்தம். பெருமழை வந்தா தண்ணி வேற ஏறும். குடும்பம் இருக்கற எடமா இது?"

"நாங்க இருந்துக்கறோமுங்க. ஒரு சன்னல் மட்டும் வெச்சுக் குடுங்க. வெள்ளை நாங்களே அடிச்சுக்கறோம்."

"ஊட்டில வேற எடமே இல்லையா?"

இசக்கியம்மா காரணத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், கணவனின் காலைப் பற்றியும், பள்ளத்தைப் பற்றியும், அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதைப் பற்றியும் சொன்னாள். எட்மண்ட் எழுந்து போய் அந்த வாசல் கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இதை எடுத்துட்டு சரிவாப் பூசித் தரச் சொல்றேன்" என்றார்.

குடி வந்தார்கள். எட்மண்ட் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சுவர் வியர்த்தது. கம்பளியில் பூஞ்சை வாடை அடித்தது. லாரிச் சத்தத்தில் இசக்கியம்மா தூக்கம் கெட்டு, விடுதிக்கு ஏறும் மேட்டில் மூச்சு வாங்கினாள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. மாரிச்சாமி வெளியே வரவில்லை. கதவைக் கால்வாசி திறந்து வைத்து, அந்த இடுக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது திரும்பினால் கதவைச் சாத்திவிடுவான்.

"நல்ல வெயில் அடிக்கிற ஊட்டை விட்டுட்டு வந்தே" என்றான் செல்லதுரை ஒருநாள். தன் பிடிவாதத்துக்கு மாரிச்சாமியை இந்த ஈரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டோமோ என்று அன்று முழுக்க அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் திரும்பிப் போகும் எண்ணம் மட்டும் அவளுக்கு வரவேயில்லை.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. காலையில் பிடித்தது விடவில்லை. விடுதி அடுப்பங்கரையில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தவளிடம், மார்க்கெட்டிலிருந்து காய் கொண்டுவந்தவன், "கீழ ஒரே தண்ணியுங்க" என்றான். கரண்டியைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்தாள். லீவு சொல்லக்கூட நிற்காமல் ஓடினாள்.

தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. கட்டில் மேல் அரிசி டிரம்மும் துணிமூட்டையும் இருந்தன.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அந்தப் பக்கம் இழுக்காதீங்க! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! அடியில தழை அடைச்சிருக்குது!"

சாக்கடை மதகுக்குப் பக்கத்தில் ஒரு கைவண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் மாரிச்சாமி. ஒரு கட்டை கக்கத்தில். இன்னொரு கட்டையால் மதகுக்குள் குத்திக் குத்தி முட்டைக்கோசுத் தழையைக் கிளப்பிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து மழைநீர் வழிந்தது. சுமை தூக்குகிறவர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்து, அவன் சொன்ன இடத்தில் கைவிட்டு அள்ளி வீசினார்கள். ஒரு பெரிய தழைக்கொத்து பிடுங்கிக்கொண்டு வந்தது. தேங்கியிருந்த தண்ணீர் சளசளவென்று சுழன்று இறங்கியது. யாரோ விசில் அடித்தார்கள்.

மாரிச்சாமி திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"ஏம்புள்ள, வேலைய விட்டுட்டு எதுக்கு ஓடி வந்தே?"

"நீங்க எப்படி வெளிய..."

"தண்ணி உள்ள வந்தா உக்காந்துட்டே இருக்க முடியுமா? கூப்பிட்டேன், இவங்க வந்து சாமானெல்லாம் தூக்கி வெச்சாங்க. அப்புறம் பாத்தா, ஒருத்தனுக்கும் எங்க அடைச்சிருக்குதுன்னு தெரியல." அவன் குரலில் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று இசக்கியம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சுமை தூக்குகிறவர்களில் ஒருவனான வேலன் கதவைத் தட்டினான். "டீ குடிக்க வாங்கண்ணா" என்றான். மாரிச்சாமி தயங்கினான். இசக்கியம்மா பாத்திரம் கழுவுவதுபோல் குனிந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். கட்டைகளின் சத்தம் வாசல் சரிவில் இறங்கி, ரோட்டில் டக் டக்கென்று போனது.

மழை விட்டதும் எட்மண்டிடம் பேசி அறையின் தரையையும் வாசல் சரிவையும் மேடாக்கச் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்து தந்தார். சுவர் மட்டும் வியர்ப்பதை நிறுத்தவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மூக்கம்மா சாவியை நீட்டினாள்.

"உங்க ஊட்டுக்காரர் மண்டிக்கு மூட்டை எண்ணப் போயிருக்காருங்க. லோடு வந்திருக்குதாம். சாப்பாட்டுக்கு லேட்டாகும்னு சொல்லச் சொன்னாரு."

இசக்கியம்மா கதவைத் திறந்து, அடுப்பில் உலை வைத்தாள்.