பதின்மூன்றாவது மெஷின்

கிட்டுசாமிக்கு ஞானம் வந்தது கோயம்புத்தூரில், ஓர் ஓட்டல் மாடியில். அறுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம். முதலாளிமார்களுக்கு மதியச் சாப்பாடு போட்டு, சாப்பிட்டவர்கள் ஓடிவிடாதபடி பீடாவைக் கடைசிவரை கண்ணில் காட்டாமல், ஒரு பேராசிரியர் பேசினார். விளையாட்டு இளைஞர்களுக்குத் தன்னம்பிக்கை தரும் என்றார். தன்னம்பிக்கை உற்பத்தியைப் பெருக்கும் என்றார். முதல் வாக்கியத்தின்போது கிட்டுசாமி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் விழித்துக்கொண்டார்.

மறு வாரமே வேலம்பாளையம் போகிற ரோட்டிலிருந்த அவருடைய பனியன் கம்பெனியில் போர்டு ஏறியது: ‘இளந்தொழிலாளர் தன்னம்பிக்கை வளர்ச்சி விளையாட்டுக் கழகம்.’ வாசலைவிட போர்டு அகலம். பயிற்சியாளர் பதவி மனைவியின் தம்பி சென்னிமலைக்குப் போனது. பி.ஏ. படித்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு சீட்டு. அதிலும் தோற்றுத்தான் பழக்கம். ஆனால் கழுத்தில் புது விசில் தொங்கியது. விசில் தொங்கும் கழுத்தை நம் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் கம்பெனியில் விளையாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பது முதலாளிக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது. மதியம் சோறு தின்று முடித்ததும் பெண்கள் பின்புறத்துக் காலி இடத்தில் கூடுவார்கள். துணி காயப்போடும் கொடிதான் வலை. கட்டிங்கில் விழும் வேஸ்ட் துணியை முறுக்கி, வட்டமாகக் கட்டி, மேலே நூல் சுற்றியதுதான் வளையம். இந்த வளையப்பந்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அஜீஸுன்னிசா. செக்கிங்கில் வேலை. வயது முப்பது இருக்கும். எட்டாவது படிக்கும்போது இதே ஆட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கோப்பை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அவர் இங்கே இருந்தார்.

அவர் கையைப் பிடித்து ஆட்டத்துக்கு இழுத்து வந்தது குழந்தையம்மாளை; பதினெட்டு வயது. கைமடி வேலை: டெய்லர் ஸ்டூலில் உட்கார்ந்து தைப்பார், இவள் கீழே தரையில் உட்கார்ந்து துணியின் ஓரத்தை மடித்து மடித்து மேலே நீட்டுவாள். சூப்பர்வைசர் பேரைக் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவள்தான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு வாய்.

“புடிச்சதும் உடு புள்ள! கையில வெச்சுக்கிட்டு என்ன சோசியமா பாக்கறே?”

“கீழ உழுந்துருமோன்னு பயமா இருக்குதுங்க்கா.”

“உழுந்தா எடுத்துக்கலாம். அதென்ன கண்ணாடியா? வேஸ்ட் துணி!”

அதோடு அஜீஸுன்னிசா விடவில்லை. ஒவ்வொரு பாயிண்டையும் குழந்தையம்மாள்தான் கத்திச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார். “பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எந்திரிக்கோணும். இல்லீன்னா பாயிண்ட் கெடையாது.” முதல் மாதம் அவள் ஜெயித்த பாயிண்டெல்லாம் வாய் திறக்காததாலேயே போயிற்று. மூன்றாம் மாதம் வாட்ச்மேன் நிஜமாகவே எழுந்து வந்து, சத்தம் போடாதீர்கள் என்று சண்டை பிடித்தார். அன்றைக்கு அஜீஸுன்னிசா எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியில் டெய்லர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் ஆண்கள். டெய்லர் என்றால் ஆண்தான். அதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை, எழுதாததால் யாராலும் அழிக்கவும் முடியவில்லை. இந்தப் பன்னிரண்டு பேரும் டீ குடிக்கப் போவார்கள். குழந்தையம்மாளின் டெய்லர் சுப்பையன், “ஓட்டிட்டு இரு அம்முணி, இப்ப வந்தர்றேன்” என்று எழுந்தால் அந்த ‘இப்ப’ ஒரு மணி நேரம் நீளும். அதுவரை ஸ்டூலில் இருப்பவள் அவள்தான். மற்ற பதினொரு கைமடிகளுக்கும் இதே கதை. சூப்பர்வைசருக்குத் தெரியும். முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்த முதலாளிக்கு மட்டும் தெரியாது. சுப்பையனின் தையல் நூல் பிடித்தது போல் இருக்கிறது என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் பனியனை விரித்துக் காட்டுவார். அவர் காட்டியது டீ நேரத்துப் பனியன்.

பதின்மூன்றாவது மெஷின் ஒன்றும் இருந்தது. புதுசு. ஆள் கிடைக்கவில்லை என்று உறை போட்டு, உறைமேல் சந்தனப் பொட்டு வைத்து, மூலையில் நிறுத்தியிருந்தார்கள். குழந்தையம்மாள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் மடிப்பாள்.

தை மாதம் கழகத்தின் போட்டி நடந்தது. பந்தல், மைக், மாலை. உடுமலைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து பெண்கள் அணி வந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் குழந்தையம்மாள் நின்றாள். வேஸ்ட் துணி வளையத்தில் பழகிய கைக்கு ரப்பர் வளையம் பூப்போல இருந்தது. வந்ததும் பிடித்தாள், பிடித்ததும் விட்டாள். எதிரே நின்றவளுக்கு மூச்சு வாங்கியது. சென்னிமலை கோட்டோரம் ஓடி ஓடி விசில் ஊதினார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசிப் பாயிண்டை அவள் கத்திச் சொன்னபோது மைக்செட்காரர் மைக்கை அணைத்துவிட்டார், தேவையில்லை என்று.

மேடையில் பயிற்சியாளருக்குச் சால்வை போர்த்தினார்கள். சென்னிமலை குனிந்து வாங்கிக்கொண்டார். அஜீஸுன்னிசா தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்.

கிட்டுசாமி மைக்கைப் பிடித்தார். நாற்பது நிமிஷம் விடவில்லை. கடைசியில் குழந்தையம்மாளைப் பார்த்து, “என்ன வேணுமோ கேளு அம்முணி! கூச்சப்படாம கேக்கறதுதான் தன்னம்பிக்கை!” என்றார்.

அவள் கேட்டாள். “அந்தப் பதிமூணாவது மெஷின்ல டெய்லரா உக்காரோணுங்க மொதலாளி.”

கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. கிட்டுசாமி சிரித்தார். அவர் சிரித்ததால் மேடை சிரித்தது. மேடை சிரித்ததால் பந்தல் சிரித்தது.

“மெஷினா? டெய்லர்னா ஆம்பளைங்கதான் கண்ணு. நாளைக்குக் கல்யாணமாயிப் போற புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?” என்று ஒரு டிபன் கேரியரைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் அவர் பல் முப்பத்திரண்டும் தெரிந்தன. அவள் பல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

அஜீஸுன்னிசாவோடு வீட்டுக்குப் போகும்போது வாய்க்கால் பாலத்தில் குழந்தையம்மாள் நின்றுவிட்டாள். டிபன் கேரியரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள்.

“கேக்கச் சொல்லீட்டு சிரிச்சாருங்க்கா.”

“பாத்தேன்.”

“அவரு போட்டிருந்த பனியன் நான் தெச்சதுங்க்கா! கழுத்துப் பட்டியப் பாத்தாலே எனக்குத் தெரியும்.”

“தெரியும் கண்ணு. செக் பண்ணினவ நாந்தானே.” என்றார் அஜீஸுன்னிசா. “இப்ப என்ன பண்ணப் போறே? அழுவறயா?”

“இல்லீங்க்கா. இனிமே டீ நேரத்துல ஓட்ட மாட்டேன். மத்த புள்ளைககிட்டயும் சொல்லப் போறேன்.”

திங்கட்கிழமை காலையில் சுப்பையன் டீ குடித்துத் திரும்பியபோது, விட்டுப்போன இடத்திலேயே மெஷின் நின்றது. பக்கத்தில் மடித்த துணி இடுப்பளவு குவிந்திருந்தது.

“ஏனம்முணி, ஓட்டலியா?”

“டெய்லர்னா ஆம்பளைங்கதானுங்களே.”

அடுத்த மெஷினிலும் அதே குவியல். அதற்கடுத்ததிலும். பன்னிரண்டு பெண்களும் தங்கள் வேலையை ஒரு குறையில்லாமல் செய்தார்கள். அதற்கு மேல் ஒரு தையல்கூடப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை டெய்லர்கள் டீயைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். முதுகு வலித்தது. உட்கார்ந்து பழக்கமில்லை, பாவம்.

புதன்கிழமை சரக்கு பாதிக்கு இறங்கிவிட்டது. கிட்டுசாமி மைத்துனரைக் கூப்பிட்டார். சென்னிமலை விசிலைத் தடவிக்கொண்டே ஆராய்ந்து, “தன்னம்பிக்கை எறங்கிருச்சு மச்சான். இன்னொரு போட்டி வெச்சாச் சரியாப் போயிரும்” என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு கிட்டுசாமியே உள்ளே வந்தார். மறுநாள் கல்கத்தா பார்ட்டிக்குச் சரக்கு லாரி ஏற வேண்டும். பன்னிரண்டு ஸ்டூலும் காலி. பன்னிரண்டு பெண்கள் தரையில்.

“இத்தன நாளா யாரு தெச்சா?” என்று கத்தினார்.

மற்ற டெய்லர்களோடு அப்போதுதான் திரும்பிய சுப்பையன் கூரையைப் பார்த்தார். குழந்தையம்மாள் எழுந்தாள்.

“நாங்கதானுங்க.”

“யாரக் கேட்டு மெஷின்ல கை வெச்சீங்க?”

“யாரையும் கேக்கலீங்க. கேட்டப்பத்தான் சிரிச்சீங்களே. அதான் நிறுத்திட்டோம்.”

கிட்டுசாமியின் முகம் சிவந்தது. பிறகு லாரி ஞாபகம் வந்தது. முகம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. “செரி, செரி. பழையபடி ஓட்டுங்க.”

“பழையபடி மாட்டோமுங்க. டீ குடிக்கப் போறவருக்குப் பதிலா இனி யாரும் உக்கார மாட்டோம். நான் அந்தப் பதிமூணாவதுல உக்கார்றேன், டெய்லரா. அடுத்த மெஷின் வாங்கறப்ப அடுத்த புள்ளையக் கூப்புடுங்க.”

கிட்டுசாமி சுவரிலிருந்த காலண்டர் முருகனைப் பார்த்தார். முருகன் இந்த விஷயத்தில் தலையிடவில்லை. டெய்லர்களைப் பார்த்து, “சரக்கு ஏர்ற வரைக்கும் ஒருத்தரும் டீக்குப் போகக் கூடாது” என்றார். பிறகு மூலைக்குப் போய், சந்தனப் பொட்டோடு இருந்த உறையை அவரே உருவினார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடனே சென்னிமலை, “பாத்தீங்களா மச்சான், நம்ம கழகத்தோட வெற்றி!” என்றார்.

“கைமடிக்கு ஆள் வேணுங்க,” என்றாள் குழந்தையம்மாள்.

மற்ற கைமடிகளுக்கு ஆளுக்கொரு மெஷின் இருந்தது; சுப்பையனுக்கு அவள் ஏற்கெனவே மடித்துவைத்த குவியலே போதும். செக்கிங் மேஜையிலிருந்து அஜீஸுன்னிசா சொன்னார்: “வேலையில்லாம நிக்கறவரு ஒருத்தரு இருக்காருங்களே.”

எல்லாரும் விசிலைப் பார்த்தார்கள். கிட்டுசாமி லாரியை நினைத்தார். “உக்காரப்பா,” என்றார்.

சென்னிமலை, பி.ஏ., வெள்ளைப் பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். முதல் துணியை மடித்து, சரியா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“புடிச்சதும் உடுங்க சார். கையில வெச்சுக்கிட்டு சோசியம் பாக்காதீங்க,” என்றாள் குழந்தையம்மாள்.

மூன்றாவது பனியன் செக்கிங்குக்கு வந்தது. அஜீஸுன்னிசா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வளையம் எறிகிற மாதிரியே எறிந்தார். அது நேராகப் பயிற்சியாளரின் மடியில் விழுந்தது.

“தையல் நேரு. மடிப்புத்தான் கோணல். பிரிச்சு மறுக்கா மடிங்க.”

அறையே சிரித்தது. அஜீஸுன்னிசா சிரிக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய சால்வை இன்னும் சென்னிமலை வீட்டு பீரோவில்தான் இருந்தது.