தெருமுனையில் ஒரு உறுமல்

கணவனின் பழைய பெட்ரோல் கார் தெருமுனையில் திரும்பும்போதே இருமும். அந்த இருமலுக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவில் கிடைக்கிற அவகாசத்தில்தான் அவள் தன் பேச்சை நிறுத்துவாள்.

பல் மருத்துவமனை வரவேற்பறையில் பகல் முழுக்க, "உக்காருங்க, டாக்டர் இப்பக் கூப்பிடுவார்" என்று தேனாய்ப் பேசிவிட்டு வருகிறவள். வீட்டில் தனியே வெங்காயம் நறுக்கிக்கொண்டே மீதியைப் பேசித் தீர்ப்பாள். டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதில், நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியது, சில நாள் கணவனுக்கும். எதிரில் ஆள் இருந்தால் தொண்டையிலேயே நின்றுவிடும் சொற்கள், குக்கர் முன்னால் மளமளவென்று வந்து விழும். அந்த நேரத்தில் மட்டும், தான் யாருக்கும் மனைவியில்லை, அண்ணியில்லை என்று அவளுக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

பிளக்-இன் ஹைப்ரிட் கார் வந்த மறுநாளே குட்டு உடைந்தது.

"சட்டைப் பையில ஸ்குரூ கிடக்கான்னு பார்த்துத் துவைக்கப் போடத் தெரியல. கேட்டா லிஃப்ட் மெக்கானிக்காம்! ஊரு லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவருக்கு..."

"வீட்டு வாஷிங் மெஷினை ரிப்பேராக்கத்தான் தெரியும்" என்று பின்னாலிருந்து முடித்துவைத்தான் அவன்.

கத்தி நழுவியது. "எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். ஆபீஸ் போய் வர பேட்டரியே போதும், பெட்ரோல் தூரப் பயணத்துக்குத்தான். பூனை மாதிரி சத்தமில்லாம வருது பாரு! ஆமா, யாரோட பேசிட்டிருந்த?"

"போன்ல."

போன் அவன் கையருகே மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனான்.

அன்றிலிருந்து குக்கர் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தபடியே நறுக்கினாள். சொல்லாததெல்லாம் நெஞ்சில் சேர்ந்து கனத்தது. சாப்பாட்டு மேசையில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். வாசலில் வயரைச் செருகிக்கொண்டு நிற்கும் காரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அது நிம்மதியாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. தனக்கு இருந்த ஒரே பிளக்கையும் பிடுங்கிவிட்டது.

ஒரு மாலை தெருமுனையில் இன்ஜின் உறுமியது. யார் வண்டியோ என்று பார்த்தால், அவர்கள் வண்டிதான்.

"பேட்டரி தீர்ந்துபோச்சாங்க?"

"இல்லையே, பாதிக்கு மேல இருக்கு. முனை திரும்பறப்போ ஒரு பட்டனை அமுக்கினேன், பெட்ரோலுக்கு மாறிடுச்சு."

"பெட்ரோல் மிச்சம் பண்ணத்தானே இந்த வண்டியே வாங்கினது?"

"அதுக்காக? இன்ஜினை அப்பப்ப ஓட விடணும்." அவன் ஷூ கயிற்றை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தான். "ஓடாமக் கிடந்தா எதுவுமே கெட்டுடும்ல."

அவள் அவனுடைய குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எது?" என்றான். முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம்.

மறுநாள் தெருமுனையில் உறுமல் கேட்டபோது, அவள் நாத்தனாருக்குச் சொல்லும் பதிலின் பாதியில் இருந்தாள். நிறுத்தவில்லை. மீதியையும் நிதானமாகச் சொல்லி முடித்தாள். கேட் திறக்கிற சத்தம் இன்னும் வரவில்லையே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியிலேயே காரை நிறுத்திவிட்டு, புத்தம்புதுக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான் அவன்.