சுனைக்குப் போகும் குறுக்குவழி

சுனைக்குப் போக இரண்டு வழிகள். பெரிய பாதை மலையைச் சுற்றி வளைத்து ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலே பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து புல் சரிவில் நேராக இறங்கினால் பத்தே நிமிடம். பதினோரு வருடங்களாக ஞாயிறுதோறும் நானும் என் வீட்டுக்காரரும் இறங்கியது இந்தக் குறுக்குவழியில்தான்.

அவர் பேருந்து ஓட்டுநர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தாங்குவார், அதற்கு மேல் முடியாது. சுனையோரப் பாறையில் உட்கார்ந்தால்தான் வாரம் முழுக்கக் கேட்ட ஹாரன் சத்தம் காதைவிட்டு இறங்குகிறது என்பார். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய பிளாஸ்க் மூடி தண்ணீரில் விழுந்தது. ஆழத்தில் பளபளவென்று கிடக்கும். "என்னப்பா, சௌக்கியமா?" என்று வாராவாரம் அதை விசாரிப்பார். இந்த வருடம் தண்ணீர் கலங்கிப்போய் மூடி கண்ணில் படவே இல்லை.

அதனால்தான் மலையைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் குழுவில் பெயர் கொடுத்தேன். குப்பை பொறுக்கச் சொல்வார்கள் என்று நினைத்து இரண்டு சாக்கோடு போனேன். குழுவுக்குத் தலைவர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். எதையும் காலை ஒன்று, மதியம் ஒன்று என்ற கணக்கில்தான் சொல்வார்.

"குப்பை அப்புறம் பாத்துக்கலாம்க்கா. வியாதி இங்க இருக்கு," என்று குறுக்குவழியைக் காட்டினார். "மிதிச்சு மிதிச்சு புல்லு செத்துப்போச்சு. ஒவ்வொரு மழைக்கும் மண்ணு நேரா சுனைக்குத்தான் இறங்குது. இன்னும் ரெண்டு வருஷம் போனா அது சுனை இல்ல, சேறு. இந்த வழிய மூடியாகணும்."

வழியை மூடினால் என் வீட்டுக்காரருக்குச் சுனை கிடையாது. மூடாவிட்டால் யாருக்குமே கிடையாது. தலையாட்டி வைத்தேன்.

நான் தையல்காரி என்பதால், மூட வேண்டிய வழிக்கு அடையாளம் கட்டத் துணி என் பொறுப்பு. சிவப்பு லைனிங் துணியில் நாற்பது பட்டைகள் கத்தரித்து, மேலிருந்து கீழ்வரை புதர்களில் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டினேன். வேலை என்று வந்தால் எனக்கு அரைகுறை ஆகாது.

அதுதான் வினையாகிவிட்டது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் வழி இரண்டு பங்கு அகலமாகியிருந்தது. பெரிய பாதையை மட்டுமே அறிந்தவர்களெல்லாம் பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். குழந்தை வண்டியோடு ஒரு குடும்பமே எதிரே வந்தது. "யாரோ நல்ல மனுஷங்க வழி காட்டியிருக்காங்க," என்றாள் அந்த அம்மாள். மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளூர, வழியை மூடுவது ஒரு வாரம் தள்ளிப்போன சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான்.

அன்று பிற்பகல் வீட்டுக்காரரோடு இறங்கியபோது அவர் ஒரு பட்டையை விரலில் பிடித்துப் பார்த்தார்.

"இது உன் கடைத் துணியாச்சே. இங்க என்ன பண்ணுது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பாறையில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அள்ளினார். உள்ளங்கையில் மண்தான் வந்தது.

"அப்போ பதினோரு வருஷமா நாமதான் மண்ணத் தள்ளிட்டிருந்தோமா?"

"நாம மட்டுமா, எத்தனையோ பேரு..."

"எத்தனையோ பேருல நாமளும்தானே."

திரும்பும்போது ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்துத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

தரை பாதை மாதிரித் தெரியக் கூடாது, அதுதான் மருந்து என்றார் மருந்துக்கடைக்காரர். இறுகிய மண்ணைக் கொத்திவிட்டுப் புல் விதை தூவி, மேலே காய்ந்த கிளைகளைப் பரப்ப வேண்டும். சுனையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்.

"கீழேருந்து நான் கொத்திட்டு வரேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணே, உங்க முட்டி..."

"பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துப் பழக்கம் தம்பி. விடுங்க."

சுனையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் ஏறினார். முன்னே மண்வெட்டி விழும், ஒரு அடி வழி காணாமல் போகும். அவருக்கு இருபுறமும் நான்கு பேர் கொத்தினார்கள். நான் விதை தூவிக்கொண்டே கூடவே ஏறினேன். பார்க்கத்தான் முடியவில்லை. உச்சி வெயிலில் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது சரிவில் வழி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"முட்டி வலிக்குது. வீட்டுக்குப் போலாம்," என்றார்.

நான்கு மாதம் மழை பெய்தது. புல் வந்துவிட்டதாக மருந்துக்கடைக்காரர் சொன்னதும், பெரிய பாதையில் ஒரு மணி நேரம் தனியாக நடந்து சுனைக்குப் போனேன். பாறையில் அவர் இடத்தை விட்டுவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து போன் போட்டேன்.

"மூடி தெரியுதா?" என்றார், எடுத்தவுடனே.

"தெரியுதுங்க. பளிச்சுன்னு தெரியுது."

"சௌக்கியமான்னு கேளு," என்றார்.

கேட்டேன். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.